பட்டாபிஷேகப் படத்தில் ஒரு தூண்

சுரண்டுவதற்கு ஒரு பழைய பிளேடு போதும். பின்பக்கத்து அட்டையைக் கழற்றி, கண்ணாடியை மேசைமேல் குப்புறப் போட்டு, டர்பன்டைனில் நனைத்த துணியை அந்த இடத்தில் மட்டும் கால்மணி நேரம் வைத்திருந்தால் இளகிவிடும். முதலில் தூணின் சந்தன நிறம் போகும். அதற்கடியில் கொடி. கடைசியாக மணிகள். கண்ணாடியில் வரையும்போது எது முதலோ, அழிக்கும்போது அது கடைசி. பக்கத்தில் நிற்கும் இலக்குவனின் தோளில் பிளேடு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மத்தியானம். அதிகம் போனால் மூன்று.

இவ்வளவும் மனதில் ஓடி முடிந்த பிறகுதான் தான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது மாரிக்கனிக்கு உறைத்தது. கேட்டவர் காத்துக்கொண்டிருந்தார். செய்யலாமா என்று நினைப்பதற்கு முன்னால் எப்படிச் செய்வது என்று போய்விட்டதே புத்தி. காதோரம் சுட்டது அவளுக்கு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலும் அது அப்படித்தான் போனது.

கேட்டவர் அருஞ்சுனை, அவள் கணவன் பொன்ராஜின் அண்ணன். போன ஐப்பசியில் பக்கவாதம் வந்து அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து அருப்புக்கோட்டை பஜாரில் இருக்கும் மிளகாய் வத்தல் கடைக்கு அவர் போவதில்லை. வலது கையை மடியில் ஒரு பொருளைப்போல வைத்துக்கொண்டு, முன்கட்டில் ஒயர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கடைச் சுவரில் இருந்த பட்டாபிஷேகப் படத்தை இறக்கி வந்து தனக்கு எதிரே மாட்டச் சொன்னதும் அவர்தான். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏம்மா மாரிக்கனி, அந்தத் தூண எடுத்துட்டு, குமார அங்க நிப்பாட்டிர முடியுமா?"

இருபத்துநான்கு வருஷத்தில் அவர் அவளிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு மூத்தவர் தம்பி பெண்டாட்டியிடம் நேரே பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. எதிரெதிரே நின்றாலும் தன் மனைவி சுபத்ராவிடம் சொல்லுவார். சுபத்ரா திரும்பி மாரிக்கனியிடம் சொல்லுவாள். பதிலும் அதே வழியில் போகும். இன்றைக்கு சுபத்ரா கையில் காப்பியோடு பக்கத்திலேயே நிற்கிறாள். அவளைத் தாண்டி அந்தச் சொற்கள் வந்ததில் அவளுக்கே ஒருமாதிரி இருந்திருக்க வேண்டும். தம்ளரை நாற்காலிக் கைப்பிடியில் வைக்கப் போனவள், வைக்காமல் நின்றாள்.

மூன்று அடி அகலம் அந்தப் படம். நடுவில் சிம்மாசனத்தில் ராமனும் சீதையும். காலடியில் அனுமார். ஒரு பக்கம் பரதன் வெண்குடை பிடிக்கிறான். மறுபக்கம் இலக்குவன் சாமரம் வீசுகிறான். இலக்குவனை அடுத்து, அவனுடைய இரட்டைப் பிறவியான சத்ருக்கனன் இன்னொரு சாமரத்தோடு நிற்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு தூண் இருக்கிறது.

மாரிக்கனியின் அப்பாவுக்கு விருதுநகரில் படம் சட்டம் போடும் கடை. கண்ணாடி வெட்டுவதோடு கண்ணாடியில் சாமி படமும் எழுதுவார். பாலவனத்தத்தில் இருந்த வீட்டின் பின்கட்டு முழுக்க எனாமல் வாசனை அடிக்கும். அவளும் அக்காமார்களும் நகைகளுக்குப் பின்னால் ஜிகினாத் தாளை ஒட்டி ஒட்டியே வளர்ந்தார்கள். அவளுக்கு மட்டும் கோடு வந்தது. கண்ணாடிப் படத்தை நேராக நின்று எழுத முடியாது. பின்பக்கமிருந்து எழுத வேண்டும். இடது வலதாகும், வலது இடதாகும். பார்ப்பவருக்கு எது முன்னால் இருக்கிறதோ அதை முதலில் எழுத வேண்டும். கண்ணின் கருமணி, மூக்குத்தி, மாலையின் பூ, பிறகு உடம்பின் நிறம், பிறகு பட்டு, எல்லாம் முடிந்த பிறகு சிம்மாசனம், அதற்கும் பின்னால் நிற்பவர்கள், திரை. மறந்துபோன மூக்குத்தியைப் பிறகு வைக்க முடியாது. அவள் மறந்ததில்லை. கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்தபோது சீரோடு சீராக நாலு தூரிகையும் கொண்டுவந்தாள். யார் வீட்டில் புதுமனை என்றாலும் தவழும் கிருஷ்ணன், கஜலட்சுமி என்று கேட்டு வருவார்கள். "பொன்ராஜ் பொண்டாட்டி கைராசி" என்று பேர்.

அந்தக் குடும்பத்தில் பட்டாபிஷேகப் படம் வெறும் படமில்லை. அவள் மாமனார் காலத்திலிருந்து கடையில் ஒன்று இருந்தது, அச்சுப் படம். ராமநவமி அன்று அண்ணன் தம்பி நாலு பேரும் குளித்துவிட்டு வந்து, ஆளுக்கு ஒருவருக்குச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். மூத்தவர் அருஞ்சுனை ராமனுக்கு. அடுத்த பொன்ராஜ் பரதனுக்கு. மூன்றாவது மாதவன் இலக்குவனுக்கு. கடைசித் தம்பி ஆனந்தகுமார் சத்ருக்கனனுக்கு. ஒருவர் வெளியூர் போயிருந்தால் மற்ற மூவரும் காத்திருப்பார்கள். அவர் பஸ்ஸில் வந்து இறங்கித் தன்னுடைய பொட்டை வைத்த பிறகுதான் சூடம் காட்டுவது. ஒருவருடையதை இன்னொருவர் வைக்கக் கூடாது. குமார் சின்னப் பையனாக இருந்தபோது அவரைத் தூக்கிப் பிடித்துப் பொட்டு வைக்கச் செய்ததாக மாமியார் சொல்வாள்.

கரையான் அந்தப் படத்தை அரித்துவிட்டது. எண்பத்துமூன்றில் பெரிய கடை கட்டத் தொடங்கியபோது, புதுக் கடைக்குக் கண்ணாடியில் மாரிக்கனிதான் எழுத வேண்டும் என்று முடிவானது. கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளும் தாளில் அவள் நாலு பேரையும் வரைந்து வைத்திருந்தாள். சத்ருக்கனனுக்கு மட்டும் குமாரின் சாயல் வந்துவிட்டது, மேல்வரிசைப் பல் கொஞ்சம் முன்னால் தள்ளி. அவரே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன் மதினி, எல்லாத்துக்கும் வாய மூடிட்டீக, எனக்கு மட்டும் பல்லத் தொறந்து விட்டுட்டீக. ராமர் பட்டத்துக்கு வந்தவன் மாதிரியா இருக்கு, பந்திக்கு வந்தவன் மாதிரில்ல இருக்கு."

"பந்தியில மொத ஆளு நீங்கதானப்பா" என்றாள் அவள்.

அந்தக் கார்த்திகையில் ஒரு காலை. குளிப்பதற்கு அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. குமார் வாளியில் மொண்டு ஊற்றும்போது, அண்டாவின் விளிம்பு அவர் இடது முழங்கைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு நின்றது. மாரிக்கனி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பாட்டுக்கு மொண்டு ஊற்றினார். தோல் வெந்து வெளுத்தது. "கை, கை" என்று அவள் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார். கொப்புளத்தைச் சுற்றி, சாயம் போன துணிபோல ஒரு தேமல். இருவரும் அதைப் பார்த்தார்கள். அவள் அப்பா கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் கையில் அவள் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறாள்.

"மதினி," என்றார் குமார். "யாருகிட்டயும் இப்ப சொல்லிராதீக. கடை தெறப்பு முடியட்டும், கிருஷ்ணப்ரியாவுக்கு மாப்ள வீட்ல இருந்து வாராக. நான் மதுரைக்குப் போயி டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாரேன். ஒண்ணும் இருக்காது."

கிருஷ்ணப்ரியா அருஞ்சுனையின் மூத்த மகள். மாரிக்கனி தலையை ஆட்டினாள். அன்று சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்பே பொன்ராஜிடம் சொல்லிவிட்டாள்.

பிள்ளைகளுக்காகச் சொன்னேன் என்று பல வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பொய்யில்லை. குமார் மடியில்தான் அவளுடைய சின்னவள் சாப்பிடுவாள். ஆனால் சொல்லும்போது தன் குரலில் ஒரு வேகம் இருந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. முதலில் கண்டுபிடித்தவளின் வேகம். பயந்தவளின் குரல் அப்படி இருக்காது.

வத்தல் கடை கையால் நடப்பது. திருச்சுழி பக்கத்திலிருந்து வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் மூட்டையோடு வருவார்கள். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, வாங்குபவன் உள்ளங்கையில் போட வேண்டும். அவன் மோந்து பார்த்து, காம்பை ஒடித்துப் பார்த்துத் திருப்பித் தருவான். கொத்தமல்லியும் அப்படித்தான். அள்ளிக் காட்டுவது குமாரின் வேலை. "அந்தக் கை அள்ளுனதுன்னு ஒருத்தன் வாயத் தொறந்தாப் போதும்" என்றார் அருஞ்சுனை. ஒரே வாரத்தில் திருச்சிப் பக்கம் தொழுநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் குமாரைக் கொண்டுபோய் விட்டார்கள். ஊரில் பம்பாயில் வேலை என்று சொன்னார்கள். கிளம்பும்போது குமார் அவளைப் பார்த்துக் கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "வாரேன் மதினி" என்றுதான் சொன்னார்.

தை பிறந்தது. கண்ணாடியில் ராமன் முடிந்தான், சீதை முடிந்தாள், அனுமார் முடிந்தார். பரதனும் இலக்குவனும் முடிந்தார்கள். பின்னால் நிற்பவன் சத்ருக்கனன். கண்ணாடியில் அவன் கடைசி. அப்போதுதான் ஒரு மத்தியானம் அருஞ்சுனை சாப்பிட்ட கையோடு அடுப்படி வாசலில் நின்று சொன்னார்.

"சுபத்ரா, குமாரு நிக்கிற எடத்துல ஒரு தூணு போட்டா என்னன்னு கேளு."

சுபத்ரா திரும்பினாள். "கேட்டுச்சா மாரிக்கனி. தூணு போடணுமாம்."

"அக்கா, சத்ருக்கனன் இல்லாம எப்படி? எல்லாரும் நிக்கிற படம்ல அது."

"மண்டபம்னா தூணு இருக்கத்தான செய்யும். அதுக்குப் பின்னால நிக்கிறாருன்னு நெனச்சிக்கிருவோம். யாரு போயி எட்டிப் பாக்கப் போறா?" சுபத்ரா குரலைத் தாழ்த்தினாள். "மாப்ள வீட்டுக்காரவுக கடை தெறப்புக்கு வாராக. பொட்டு வைக்கயில நாலாவது ஆளு எங்கன்னு கேட்டா யாரு பதில் சொல்ல? தூணுகிட்ட எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

நாலு நாள் அந்த இடம் வெறுமையாக இருந்தது. நிறம் பூசாத கண்ணாடி. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் பொன்னும் பட்டுமாக இருக்க, அங்கே மட்டும் எதிர்ச் சுவரும் அவளுடைய கையும் தெரிந்தன. ஐந்தாவது நாள் உட்கார்ந்தாள். யாரும் அவள் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. மண்டபத் தூண் சும்மா இருந்தால் மொட்டையாகத் தெரியுமே என்று ஒரு கொடி சுற்றினாள். கொடி நன்றாக வந்தது. கொடியின் வளைவுகளில் சின்னச் சின்ன மணிகள் தொங்கவிட்டாள். ஒவ்வொரு மணிக்கும் நாக்கு. நாக்கின் நுனியில் ஒரு புள்ளி இடம் விட்டு, பின்னால் ஜிகினா. சாப்பிட மறந்து எழுதினாள். அவளுக்கு ஆனந்தமாக இருந்தது. இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. ஒருத்தனை மறைப்பதற்காக எழுதிய அந்தத் தூணைப்போல, வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் எழுதியதில்லை.

கடை திறப்பன்று வந்தவர்கள் எல்லோரும் தூணைத்தான் பார்த்தார்கள். "மணி ஆடுற மாதிரியே இருக்கு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. கிருஷ்ணப்ரியாவின் கல்யாணம் வைகாசியில் நடந்தது. அந்த ராமநவமிக்கு மூன்று பொட்டுகள். அதற்கடுத்த ராமநவமிக்கும்.

எண்பத்தேழில் குமார் வந்தார்.

மாரிக்கனி அன்று மத்தியானச் சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்குப் போயிருந்தாள். வெயிலில் ஒரு ஆள் படிக்குக் கீழேயே நிற்பதைப் பார்த்து யாரோ சம்சாரி என்று நினைத்தாள். குமார்தான். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். குணமாகிவிட்டது, யாருக்கும் தொற்றாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம். அருஞ்சுனை அதைக் கையில் வாங்காமல் குனிந்து படித்தார். குமாரின் இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் உள்பக்கமாக வளைந்திருந்தன. மற்றபடி அதே குமார். அதே பல்.

அண்ணன் பேசப் பேச, குமாரின் பார்வை கல்லாவுக்கு மேலே போனது. படத்தை அவர் முழுசாகப் பார்த்தது அப்போதுதான். ராமனிடமிருந்து தொடங்கி, பரதன், இலக்குவன் என்று வந்து அங்கே நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு அவளைப் பார்த்தார்.

"தூணு ரொம்ப நல்லா வந்திருக்கு மதினி. மணியெல்லாம் வச்சிருக்கீக."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் இத்தனை வருஷம் அவள் அதைச் சுமந்திருக்க மாட்டாள். அவர் எப்போதும் அவள் படத்தைப் பார்த்துச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அதற்கு மாரிக்கனி சொன்னாள்: "ஆமா, அதுக்கே ரெண்டு நாளாச்சு."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்பது தெரிந்தது. பாராட்டை வாங்கிக்கொண்டாள். அதுவும் சிரித்த முகமாக. அவர் தலையை ஆட்டினார், ரெண்டு நாள் ஆகத்தான் செய்யும் என்பதுபோல.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். பந்தல்குடியில் ஒரு இடம் பார்த்துத் தருவதாக, சைக்கிள் கடை வைத்துக்கொள்ளலாம் என்று அருஞ்சுனை சொன்னார். "சரிண்ணே" என்றார் குமார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு." வந்து முக்கால்மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் குடித்த தம்ளரைக் கடைப்பையன் எடுக்கத் தயங்கியபோது மாரிக்கனிதான் முந்தானையால் பிடித்து எடுத்து, பின்பக்கம் தொட்டியோரம் தனியாக வைத்தாள். நிமிர்ந்தால், படியிறங்கியவர் செருப்பு மாட்டத் திரும்பியிருந்தார். பார்த்திருப்பார். பார்க்கவில்லை என்று நினைக்க அவளுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

அதற்கப்புறம் அவள் எந்த வீட்டுக்கும் படம் எழுதவில்லை. கண் தெரியவில்லை என்று சொன்னாள். முப்பத்துநாலு வயசில் கண் தெரியாமல் போனதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஒரு புரட்டாசியில் பெருமாள் கோவிலில் உத்தரகாண்டம் கதை சொன்னார்கள். இலவணன் என்ற அசுரனைக் கொன்ற பிறகு, ராமன் சத்ருக்கனனை மதுராபுரியிலேயே இருந்து ஆளச் சொல்லிவிட்டான். பன்னிரண்டு வருஷம் கழித்து அண்ணனைப் பார்க்க வேண்டும்போலிருந்து அயோத்திக்கு ஓடி வந்தான் தம்பி. இனி உங்களை விட்டுப் பிரிய மாட்டேன் என்று காலில் விழுந்தான். ராமன் அணைத்துக்கொண்டான். ஏழு நாள் என்னோடு இரு, பிறகு உன் ஊருக்குப் போ என்றான். கதை சொன்னவர் அதை அரச தர்மம் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது மாரிக்கனி தலைவலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டாள். ராமனாவது ஏழு நாள் வைத்துக்கொண்டான் என்று தெருவில் நடக்கும்போது தோன்றியது. சாமியைப்பற்றி அப்படி நினைத்ததற்காக அவள் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

திருச்செந்தூருக்குப் போகும்போதெல்லாம் பஸ் பந்தல்குடியில் நிற்கும். லாரிகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட சைக்கிள் கடை தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். குமார் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண்ணும் நாலைந்து வயதுப் பிள்ளையும். அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்துவிட்டார். மாரிக்கனி சேலைத் தலைப்பை இழுக்கப் போவதற்குள், அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அவளுக்குச் சங்கடம் வேண்டாம் என்று போனார். பஸ் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

"நேத்து இவ என் கையில காப்பியச் சிந்திட்டா, மாரிக்கனி" என்றார் அருஞ்சுனை இப்போது, சுபத்ராவைக் கண்ணால் காட்டி. பக்கவாதத்தில் அவர் பேச்சு கொஞ்சம் குழறும். மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கிக் காட்டினார். புறங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது. "எனக்குத் தெரியவே இல்ல. இவ கத்துன பெறகுதான் குனிஞ்சு பாத்தேன். குமாருக்கும் இப்பிடித்தான இருந்திருக்கும்."

அவர் கண்கள் ஈரமாக இருந்தன. அவரை அப்படிப் பார்க்க மாரிக்கனிக்குக் கூச்சமாக இருந்தது.

"ராமநவமிக்கு இன்னும் பத்து நாள் கெடக்கு. அதுக்குள்ள அவன அங்க நிப்பாட்டிரு. அன்னைக்கு நானே என் கையால அவனுக்கும் சேத்து ஒரு பொட்டு வச்சிர்றேன். மனசு ஆறிரும்."

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற பொன்ராஜ், "நல்ல காரியம்ண்ணே" என்றான். "ரெண்டு நாள் வேலை. செஞ்சிரு மாரிக்கனி."

சுபத்ரா ஒருவழியாகத் தம்ளரை வைத்தாள். "கண்ணு தெரியலன்னு சொல்லிறாத. போன வாரம் அரிசியில கல்லு பொறுக்குனத நான் பாத்தேன்."

"குமாரையே கூப்பிடலாம்ல அக்கா" என்றாள் மாரிக்கனி. பழக்கத்தில் சுபத்ராவைப் பார்த்தே சொன்னாள். "இந்தா இருக்கு பந்தல்குடி."

பதில் பொன்ராஜிடமிருந்து வந்தது. "கூப்பிட்டா அவன் மட்டுமா வருவான்? பொண்டாட்டி, புள்ள, எல்லாந்தான் வரும். பத்துப் பேரு கேப்பாக, பம்பாயிலருந்து எப்ப வந்தாருன்னு. கிருஷ்ணப்ரியா மாமனாரு இன்னைக்கு வரைக்கும் பம்பாயின்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்காரு. படத்துல நின்னா யாரு என்ன கேக்கப் போறா."

"சத்ருக்கனன்னு சொன்னாப் போச்சு" என்றாள் சுபத்ரா.

மாரிக்கனி படத்தைப் பார்த்தாள். சுரண்டிய இடத்தில் சத்ருக்கனனை நிறுத்திப் பார்த்தாள். வேண்டாம் வேண்டாம் என்று அவள் உள்ளேயே ஒன்று சொல்ல, கை தானாக எழுத ஆரம்பித்தது. முதலில் கருமணி. பிறகு அந்தப் பல்லை மூடுகிற உதடு. பிறகு சாமரத்தைப் பிடித்திருக்கும் விரல்கள். அங்கே வந்து நின்றது. பார்ப்பவருக்கு முன்னால் இருப்பது விரல்கள்தான். கண்ணாடியில் அவை முதலில் வர வேண்டும். அந்த இரண்டு விரல்களை எப்படி எழுதுவது? நீட்டி எழுதினால், அவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை, நாம் ஒன்றுமே செய்யவில்லை என்றாகிவிடும். மடக்கி எழுதினால் இவர்கள் மாட்ட மாட்டார்கள். நீட்டித்தான் எழுதச் சொல்வார்கள். அவளும் எழுதிவிடுவாள். அழகாக எழுதிவிடுவாள். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, என்ன ஒரு விரல் என்பார்கள். மூத்தவர் இடது கையால் ஒரு பொட்டு வைப்பார். அவர் மனசு ஆறும். பொன்ராஜுக்கு ஆறும். எல்லோருக்கும் முன்னால் அவளுக்கு ஆறிவிடும். இனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரலாம். பந்தல்குடியில் ஒருத்தர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருப்பார், இங்கே தன்னை எல்லோருமாகச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்பதுகூடத் தெரியாமல்.

ஆற வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையைப் பார்த்துத்தான் அவள் பயந்தாள்.

தூண் இருக்கிறவரைக்கும், தெரிந்தவர்களுக்காவது தெரியும். இங்கே முன்கட்டில் இருக்கும் நாலு பேரும் இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இடத்தில் வந்து பார்வை கொஞ்சம் இடறுகிறது. பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் குமாருக்கென்று மிஞ்சியிருப்பது அந்த இடறல் ஒன்றுதான்.

"என்னால ஆகாது அத்தான்" என்றாள்.

நேராக அவரிடமே சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. அருஞ்சுனைக்குக் கேட்கவில்லையோ என்று சுபத்ரா அவர் பக்கம் குனிந்தாள். கேட்டிருந்தது. அவர் முகம் சிறுத்துப்போனது. நோயாளியிடம் இப்படிச் சொல்கிறோமே என்று மாரிக்கனிக்குத் தோன்றியது. சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவளுக்கு அந்தக் கணத்தில் ஒரு வார்த்தை போதும்.

"என்ன ஆகாது?" என்றாள் சுபத்ரா. "தூணு போடத் தெரிஞ்ச கைக்கு எடுக்கத் தெரியாதோ?"

"தெரியும்க்கா."

"பெறகு என்ன? அவுக வாய் விட்டுக் கேக்கறாக. உங்கிட்ட நேராக் கேக்கறாக."

பொன்ராஜ் அருகில் வந்தான். சண்டை வேண்டாம் என்று நினைப்பவன் அவன். எப்போதும் எல்லோருக்கும் ஒரு வழி பண்ணிக் கொடுப்பவன். அண்ணன் காதில் விழாதபடி, "கண்ணாடி பழசு, சுரண்டுனா கீறல் விழுந்துரும்னு சொல்லிரு" என்று முணுமுணுத்தான். "அவரு வருத்தப்பட மாட்டாரு. உனக்கும் பொல்லாப்பு இல்ல."

நல்ல வழிதான். கண் தெரியவில்லை என்று சொன்னதுபோல, பம்பாய் என்று சொன்னதுபோல.

அவள் நாற்காலிக்கு அருகே போனாள். மூத்தவருக்கு முன்னால் அவ்வளவு கிட்டத்தில் அவள் நின்றதில்லை. மடியிலிருந்து நழுவிக் கிடந்த அவருடைய வலது கையை எடுத்து, புண் துணியில் உரசாதபடி நேராக வைத்தாள். அது கனமாக இருந்தது. அவள் தொட்டது அதற்குத் தெரியவில்லை.

"கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது அத்தான்" என்றாள். "நாந்தான் செய்ய மாட்டேன்."